இயக்கமும் யாப்பும்: இத்தாலிய எதிர்காலவியமும் தென்பாண்டிச் சிந்தும்

அசையாத பொருளால் அசைவைக் காட்டுவது எங்ஙனம் என்பது கலைகள் அனைத்திற்கும் பொதுவான வினா. கல்லும் வண்ணமும் இடம்பெயரா. ஏட்டில் எழுதிய சொல்லும் எழுதிய இடத்திலேயே நிற்கும். எனினும் ஓவியன் ஓடும் குதிரையை எழுதுகிறான். புலவன் தேரின் விரைவைப் பாடுகிறான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வினாவையே தம் கொள்கையின் நடுப்பொருளாகக் கொண்டு எழுந்தவர் இத்தாலிய நாட்டுக் கலைஞர் சிலர். அவர்தம் கொள்கை 'எதிர்காலவியம்' எனத் தமிழில் வழங்கும். தமிழில் அசைவுக்கும் கொள்கைவழிக் கூடிய குழுவுக்கும் 'இயக்கம்' என்னும் ஒரு சொல்லே வழங்குகின்றது. மயக்கம் நேராதிருத்தற்பொருட்டு ஈண்டு அச்சொல்லை அசைவின் பொருளிலேயே ஆளுவோம்.

இக்கொள்கையைத் தமிழ் யாப்போடு ஒருங்கு வைத்துக் காண்பதற்குக் காரணம் உண்டு. இற்றை ஒப்பியல் ஆய்வுகளில் இருவகைப் போக்குகளைக் காண்கிறோம். மேனாட்டார் கண்ட புதுமை எதுவாயினும் அது நம் சங்கச் செய்யுளில் முன்னரே உளது என்று நிறுவ முயல்வது ஒன்று. புதுமை என்பதே கடல் கடந்து வந்தது, நம் மரபில் அதற்கு வித்தும் இல்லை என்பது மற்றொன்று. இரண்டும் பொருளை நோக்காது பெருமை சிறுமைகளை நோக்குவன. எதிர்காலவியத்தார் எழுப்பிய வினா நல்வினா. அவர் கண்ட விடையோ குறைவிடை. அக்குறை யாது என்பதை அறிதற்குச் சிந்து யாப்புப் பெரிதும் துணை செய்யும் என்பதே நம் கருத்து. சிந்தினை இசைப்பாட்டென்றும் நாட்டுப்பாட்டென்றும் ஒதுக்கி, யாப்பியல் வகுப்பின் வாயிற்புறத்தே நிறுத்தும் வழக்கம் நம் பல்கலைக்கழகங்களில் நெடுநாள் இருந்தது. அது தக்கதன்று என்பதும் இதனாற் புலப்படும்.

எதிர்காலவியத்தின் தலைவர் மரினெட்டி (1876–1944). எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவிற் பிறந்தவர். பிரெஞ்சு மொழியில் கவிதை எழுதத் தொடங்கியவர். மிலான் நகரை நிலைக்களமாகக் கொண்டவர். இவர் 1909ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 20ஆம் நாள், பாரிசு நகரத்து 'லெ பிகாரோ' நாளிதழின் முதற்பக்கத்தில் தம் கொள்கை அறிக்கையை வெளியிட்டார். விரைவே புதிய அழகு. முழங்கி ஓடும் உந்துவண்டி சாமோதிரேசுத் தீவில் கிடைத்த வெற்றித் தேவியின் பழஞ்சிலையினும் அழகுடையது. அருங்காட்சியகமும் நூலகமும் அழிக்கப்படவேண்டுவன. போர் உலகத்தைத் தூய்மை செய்யும் மருந்து: இவை அவ்வறிக்கையின் சாரம். 1908இல் மிதிவண்டியில் வந்தோர் மேல் மோதாதிருக்கத் தம் உந்துவண்டியைத் திருப்பிப் பள்ளத்தில் வீழ்ந்த நிகழ்ச்சியை, அறிக்கையின் முன்னுரையில் தம் மறுபிறப்பாகப் புனைந்துரைத்தார். விரைவைப் போற்றும் அறிக்கை, வண்டியொன்று கவிழ்ந்து நின்ற கதையில் தொடங்குவது நகைப்பிற்கு இடனாகும்.

ஓவியர் இக்கொள்கையை மேற்கொண்டபோதுதான் அது பொருள் பெற்றது. பொச்சியோனி, பல்லா, கர்ரா, செவெரீனி, ருசோலோ என்னும் ஐவர் 1910இல் தனி அறிக்கைகள் வெளியிட்டனர். ஓடும் குதிரைக்குக் கால் நான்கு அல்ல, இருபது என்பது அவற்றுள் ஒன்றன் புகழ்பெற்ற கூற்று. பல்லா 1912இல் எழுதிய ஓவியத்தில் கயிற்றில் கட்டிய நாயொன்று தன் தலைவியுடன் நடக்கின்றது. நாயின் கால்களும் வாலும், அம்மையாரின் பாதங்களும், இடையே ஆடும் கயிறும் பலவாகப் பெருகிக் காட்சியளிக்கின்றன. இம்முறைக்குப் பின்னணியாக நின்றவை மாரே என்னும் பிரெஞ்சு அறிஞர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எடுத்த தொடர் ஒளிப்படங்கள். பொச்சியோனி சென்ற நெறி வேறு. அவர் 1913இல் வடித்த நடக்கும் மனித உருவில் உறுப்புகள் பெருகவில்லை, கைகள் இல்லவேயில்லை. காலும் தொடையும் தம்மைச் சூழ்ந்த காற்றைக் கிழிப்பதும் அக்காற்றால் இழுக்கப்படுவதும் ஒரே வடிவமாக உறைந்துள்ளன. அவர் வடித்தது சாந்துருவே. வெண்கலத்தில் வார்த்தது அவர் இறந்த பின்னர். இற்றை இத்தாலியின் 20 செண்டு நாணயத்தில் அவ்வுருவைக் காணலாம். நாய் ஓவியம் ஓர் அறிவு விளையாட்டு. நடக்கும் உருவமோ கலை. கணங்களை எண்ணிக்கையாற் கூட்டுவதால் இயக்கம் தோன்றாது என்பதைப் பொச்சியோனி உணர்ந்திருந்தார். ஒளிப்படத்தால் இயக்கத்தைப் பதிய முயன்ற பிரகாலியாவின் சோதனைகளை அவரும் அவர் தோழரும் 1913இல் ஏற்க மறுத்ததும் இதனால்தான்.

ஈண்டு ஒன்று கூறியாகல் வேண்டும். நாயின் பலகால்களைக் கண்டவுடன், தில்லைக் கூத்தனின் நான்கு கைகளும் அத்தகையனவே, நம் சிற்பியர் எதிர்காலவியத்தை முன்னரே அறிந்தனர் என்று எழுதுவோர் உளர். இது பிழை. பல்லாவின் நாய்க்குள்ள பலகால்கள் ஒரே கால் பல கணங்களில் நின்ற நிலைகள். கூத்தனின் கைகளோ ஒரே கணத்தில் நிகழும் வெவ்வேறு தொழில்கள்: துடி படைப்பு, தீ அழிப்பு, அமைந்த கை காப்பு, வீசிய கை தூக்கிய திருவடியைச் சுட்டுவது. அங்கே இயக்கத்தை உணர்த்துவன கைகளின் எண்ணிக்கை அல்ல. விரிந்தாடும் சடையும், ஊன்றிய காலின் வளைவும், அவற்றைச் சூழ்ந்து வட்டமாய் நிற்கும் திருவாசியுமே. சென்னை அருங்காட்சியகத்துக் கூத்தன் படிமங்களின் ஒளிப்படங்களைக் கண்டு பிரெஞ்சுச் சிற்பி உரோடின் 1913இல் எழுதிய கட்டுரை 1921இல் வெளிவந்தது. பொச்சியோனி நடக்கும் உருவை வடித்த அதே ஆண்டில் அது எழுதப்பெற்றது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. ஒளிப்படம் கணத்தை நிறுத்துவதால் பொய்யாகிறது, சிற்பியோ ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்குச் செல்லும் பெயர்ச்சியைக் காட்டுவதால் மெய்யுரைக்கிறான் என்பது 1911இல் அவர் வெளியிட்ட உரையாடல் நூலின் கருத்து. ஊன்றிய கால் ஒன்று இருத்தலால் அன்றோ தூக்கிய கால் ஆடுகின்றது! இக்கருத்தைப் பின்னர் யாப்பிலும் காண்போம்.

இனி இலக்கியத்திற்கு வருவோம். மரினெட்டி 1912ஆம் ஆண்டு மே 11ஆம் நாளிட்டு எதிர்கால இலக்கியத்தின் செய்முறை அறிக்கையை வெளியிட்டார். தொடரமைப்பைச் சிதைத்துப் பெயர்ச்சொற்களைத் தோன்றியவாறே பரப்புக. வினையைக் காலமும் இடமும் காட்டாத பொதுவடிவிலேயே ஆளுக. பெயரடை, வினையடை, நிறுத்தற்குறி ஆகியவற்றை நீக்குக. குறிகளுக்கு மாற்றாகக் கணக்கியலின் கூட்டல் கழித்தற் குறிகளைப் பெய்க. 'நான்' என்பதை இலக்கியத்தினின்று அகற்றுக. இவ்விதிகளின்படி எழுந்ததே அட்ரியனோபிள் முற்றுகையைப் பொருளாகக் கொண்டு 1914இல் நூலாக வந்த 'சாங் தும்ப் தும்ப்'. வெடியோசையைக் குறிக்கும் ஒலிக்குறிப்புச் சொல்லே நூற்பெயர். எழுத்துருவின் பருமையாலும் சாய்வாலும் ஓசையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டிய அதன் துணிவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அச்சுத்தாளையே இசைக்கருவியாக்கிய செயல் அது.

ஆயினும் அந்நூலைப் படிக்குங்கால் நாம் உணர்வது விரைவு அன்று, இரைச்சல். காரணம் தேடுதல் அரிதன்று. பொதுவடிவில் நிறுத்திய வினை, நிற்கவே செய்யும். ஓடுதல், வெடித்தல், சிதறல், ஓடுதல் என வரிசையிட்டால் அவை தூண்கள்போல் நிரல்பட நிற்கும். ஒன்றிலிருந்து ஒன்றிற்குச் செல்லும் வழி அடைபட்டுவிடுகின்றது. இதனைத் தமிழ்த் தொடரமைப்போடு ஒப்பிடுக. வினையெச்சம் என்பது பெயருக்கேற்ப எஞ்சி நிற்பது. தான் முடியாது அடுத்த வினையை அவாவி நிற்பது. எச்சத்தின்மேல் எச்சமாக அடுக்கும்பொழுது படிப்பவன் முற்றுவினை வரும்வரை ஓரிடத்தும் கால் ஊன்ற இயலாது முன்தள்ளப்படுகிறான். தொடரைச் சிதைத்து மரினெட்டி பெற விழைந்த உந்துதலைத் தமிழ்த் தொடர் தன் கட்டினாலேயே பெற்றுள்ளது. 103 அடிகளாலான முல்லைப்பாட்டை எடுத்துக்கொள்வோம். அதில் தேரின் விரைவு நேரே வருணிக்கப்படவில்லை. பாசறையும் மாளிகையும் மாறிமாறிக் காட்டப்பெற்று, இறுதியில் ஆற்றியிருந்த தலைவியின் செவியில் மீள்படையின் ஆரவாரமும் தேர் பூண்ட குதிரைகளின் வரவும் வந்து சேர்கின்றன. இயக்கம் கேட்கப்படுகிறது, கேட்பவளோ இருந்த இடத்தில் இருப்பவள். அவள் இருப்பே அவ்விரைவுக்கு அளவுகோல்.

இவ்வளவுகோல் என்னும் கருத்தே நம் ஆய்வின் உயிர்நிலை. விரைவு தனித்து அறியப்படும் பண்பு அன்று. மாறாத ஒன்றை நோக்கி அறியப்படுவது. புகைவண்டியில் அமர்ந்தவன் அதன் ஓட்டத்தை அறிவது புறத்தே நிற்கும் தந்திக் கம்பங்களால். கம்பங்களும் உடன் ஓடுமாயின் ஓட்டம் புலனாகாது. யாப்பில் அக்கம்பங்கள் தாளமும் தளையும் ஆகும். நம் யாப்பியற் கலைச்சொற்களை இந்நோக்கிற் காண்க. உறுப்பு அசை, வரி அடி, செல்லும் பாங்கு நடை. மூன்றும் இயக்கத்தின் பெயர்கள். அவற்றிடையே நின்று பிணிப்பதற்கு இட்ட பெயரோ தளை. அசைவையும் பிணிப்பையும் ஒருங்கே கருதிய அறிவு இப்பெயர்களிற் பொதிந்துள்ளது. தொல்காப்பியர் செய்யுளியலில் வண்ணம் இருபது என வகுத்தவற்றுள் ஒழுகு வண்ணம், அகைப்பு வண்ணம், தூங்கல் வண்ணம், உருட்டு வண்ணம், முடுகு வண்ணம் என வருவன ஓடலும் அறுபடலும் அசைதலும் உருளலும் முடுகலும் ஆகிய இயக்க வகைகளே. இவற்றை ஓசை வேறுபாடு என்று மட்டும் கூறி அப்பாற் செல்வது நம் வகுப்பறை வழக்கம். சொல்லில் இயக்கத்தை வகைப்படுத்திய பட்டியலாகவும் அவற்றைக் கொள்ளலாம் என்பது நம் துணிபு.

இவ்வகைகள் ஏட்டில் மட்டும் இருந்தனவல்ல என்பதற்குத் தென்பாண்டி நாட்டின் மேலைப்பகுதி நற்சான்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது புளியங்குடி. அவ்வூரை நடுவாக வைத்து இரு பகல் நடைத்தொலைவில் ஒரு வட்டம் வரைவோமாயின், தென்மேற்கே குற்றாலமும், வடகிழக்கே சென்னிகுளமும், தென்கிழக்கே ஊற்றுமலையும், கிழக்கே சங்கரன்கோவிலைக் கடந்து கழுகுமலையும் அதனுள் அடங்கும். இயக்கத்தைச் சொல்லில் வைத்த இரு பெருநூல்கள் இவ்வட்டத்துள் எழுந்தன: ஒன்று குற்றாலக் குறவஞ்சி; மற்றொன்று அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து. கூத்தனின் ஐந்து அம்பலங்களுள் சித்திர அம்பலம் குற்றாலத்தில் உள்ளது. ஏனைய அம்பலங்களிற் படிமமாய் ஆடுபவன் அங்கே சுவரோவியமாய் ஆடுகிறான்.

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டிற் பாடிய குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடும் பகுதி அறியாதார் இலர். ஆண்டுப் பந்தின் இயக்கம் பந்தோடு நிற்பதில்லை. வளைக்கும் சிலம்புக்கும் கூந்தலுக்கும் இடைக்கும் பரவுகின்றது. ஒரு பொருளின் இயக்கம் தன்னைச் சூழ்ந்த பொருள்களிற் பாய்ந்து அவற்றைத் தன்னோடு ஒன்றாக்கும் என்பது பொச்சியோனியின் கொள்கை. கவிராயர் செய்தது அதுவே எனின் மிகையாகாது. ஆயின் அவர் அதனைக் கொள்கையாகக் கூறவில்லை. எதுகையாலும் இரட்டைக் கிளவியாலும் செய்துகாட்டினார். ஒவ்வோர் உறுப்பும் ஒரே சந்தத்தில் வந்து விழுவதால் அனைத்தும் ஒரு பந்தின் அடிக்கே ஆடுவனவாகின்றன.

காவடிச் சிந்து இன்னும் நுணுகி ஆராயத்தக்கது. சங்கரன்கோவில் வட்டாரத்துச் சென்னிகுளத்திற் பிறந்த அண்ணாமலை ரெட்டியார், திருவாவடுதுறையில் உ. வே. சாமிநாதையரிடம் பயின்றவர், ஊற்றுமலைக் குறுநிலத் தலைவர் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவு பெற்றவர், முப்பது ஆண்டும் நிரம்பா முன் 1891இல் மறைந்தவர். தேவர் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துச் சென்ற காலத்து வழிநடைக்கெனப் பாடப்பெற்றது அந்நூல் என்பர். காவடி என்பது தோளிற் குறுக்கே கிடக்கும் தண்டும், அதன் மேல் வளைவும், இருபுறத்துச் சுமையும் கொண்ட அமைப்பு. சுமப்பவன் அடிபெயர்க்குந்தோறும் அது ஊசலாடும். ஊசலின் ஆட்டமும் காலின் அடிவைப்பும் ஒத்து வாராவிடின் சுமை சாய்ந்துவிடும். ஆகவே காவடிக்காரன் தன் விருப்பம்போல் விரைய இயலாது. சுமையே அவனுக்குத் தாளம் வகுக்கிறது. அந்நூலின் யாப்பு இவ்வுண்மையின்மேல் எழுந்தது. நெடிய அடி, இயைபால் சிறுசிறு துண்டுகளாக அறுக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு மூச்சிற்கு அமைகிறது. துண்டின் ஈற்றில் வந்து விழும் ஒத்த ஓசை, ஊன்றிய பாதம்போல் நிலம் தொடுகிறது. பின்னர் முடுகு வருகின்றது. முடுகின் இயல்பை நம்மவர் 'விரைந்த நடை' என்று கூறி அமைவர். கூர்ந்து நோக்கின், அங்கே தாளம் விரைவதில்லை. தாளத்தின் காலம் முன்போலவே நிற்க, அக்காலத்துள் அடங்கும் எழுத்துகளே மிகுகின்றன. குற்றெழுத்துகள் செறிந்து உருள்கின்றன. கேட்பவன் விரைவை உணர்வது, மாறாத தாளத்தின்மேல் எழுத்துகள் ஓடுவதால். தாளமும் உடன் விரைந்திருப்பின் நடைகாரன் ஓடத் தொடங்கியிருப்பான், காவடி கவிழ்ந்திருக்கும். மரினெட்டியின் வண்டி பள்ளத்தில் வீழ்ந்ததற்கும் அவர் செய்யுள் இரைச்சலாய் முடிந்ததற்கும் காரணம் ஒன்றே போலும்!

சிந்தின் மற்றொரு நுட்பம் அதன் வெற்றிடம். சிந்தில் குறில் நெடில் வேறுபாடின்றி உயிரேறிய எழுத்து ஒவ்வொன்றும் ஓரசை மதிப்புப் பெறும் என்றும், அதன் நடைகளை மும்மை, நான்மை முதலியனவாக வகுக்கலாம் என்றும் இரா. திருமுருகன் தம் 'சிந்துப் பாவியல்' நூலில் வரையறுத்துள்ளார். அசைகள் குறைந்த இடத்தை ஓசையின் நீட்டம் நிரப்பும். சொல் முடிந்த பின்னும் தாளம் முடிவதில்லை. சொல்லற்ற காலமும் யாப்பில் எண்ணப்படுகிறது. மரினெட்டி நிறுத்தற்குறிகளை நீக்கியபோது நீக்கியது இந்த மௌனத்தை. எங்கும் ஓசையே நிறைந்தால் ஓசையும் அறியப்படாது.

இவ்வெற்றிடத்தையே தன் பெயராகக் கொண்டது நொண்டிச் சிந்து. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பரவிய நொண்டி நாடகங்களின் தலைவன் பரத்தைபாற் பொருளிழந்து, குதிரை திருடச் சென்று அகப்பட்டுக் கால் துணிக்கப்பெறுகிறான். பின்னர் இறையருளாற் கால் பெறுகிறான். விரைவின் வடிவாகிய குதிரையை விழைந்தவன் நடையையே இழந்த கதை இது. அவன் ஒற்றைக்காலால் தத்தித் தத்தி ஆடிப் பாடும் பாட்டு ஆதலின் அதன் யாப்பும் தத்தி நடக்கின்றது: சில சீர்கள் சென்று, தனிச்சொல்லில் ஒரு கணம் தங்கி, மீண்டும் எழுந்து, அடியின் ஈற்றில் நீண்டு ஒழிகின்றது. உலக இலக்கியத்தில் ஓட்டத்திற்கு யாப்புக் கண்டவர் பலர். ஊனத்திற்கு யாப்புக் கண்டு, அதனையும் ஆடத்தக்க நடையாக்கிய பெருமை இச்சிந்துக்கு உண்டு.

1912ஆம் ஆண்டு இங்கு நம் கருத்தை ஈர்க்கின்றது. மரினெட்டி தம் செய்முறை அறிக்கையை வெளியிட்ட அவ்வாண்டிலேயே, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார் பாஞ்சாலி சபதத்தின் முதற் பாகத்தை வெளியிட்டார். அதன் முன்னுரையும் ஒருவகைக் கொள்கை அறிக்கையே. எளிய பதங்களும், எளிய நடையும், எளிதில் அறியத்தக்க சந்தமும், பொதுமக்கள் விரும்பும் மெட்டும் உடைய காவியம் செய்பவன் தாய்மொழிக்குப் புத்துயிர் தருவான் என்பது அவர் கருத்து. இருவரும் பழமையின் சுமையை உணர்ந்தவர். இருவரும் புதியதை வேட்டவர். ஒருவர் தொடரை உடைத்தார். மற்றவர் தெருவிற் கிடந்த நொண்டிச் சிந்தை எடுத்துக் காவியத்தின் பெரும்பகுதிக்கு யாப்பாக்கினார். நாட்டு மக்களின் இழிநிலை கண்டு நெஞ்சு பொறாது பாடிய பாட்டிற்கும் அவர் கொண்ட யாப்பு அதுவே. கால் இழந்த நாட்டுக்குக் கால் இழந்தவனின் நடையைத் தேர்ந்தது தற்செயல் அன்று என்றே நாம் கருதுகிறோம். பொச்சியோனியும் பாரதியாரும் ஒரே ஆண்டில், 1882இல், பிறந்தவர்கள். பாரதியார் பிறந்த எட்டயபுரத்துக் குறுநிலத்திற்கு உட்பட்டிருந்தது கழுகுமலை. ஆதலின் சிந்து அவர்க்கு ஏட்டுக் கல்வி அன்று.

எதிர்காலவியத்தின் பிற்கால வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். போரைத் தூய்மை என்றவர்களைப் போர் அழைத்துக்கொண்டது. பொச்சியோனி 1916இல் படைப்பயிற்சியின்போது குதிரையிலிருந்து வீழ்ந்து இறந்தார். எந்திரத்தைப் போற்றிய குழுவின் தலைசிறந்த கலைஞர்க்கு இறுதி கூற்றுவனாய் வந்தது குதிரை. அதே ஆண்டில் அக்குழுவின் கட்டடக் கலைஞர் சாந்தெலியா போர்முனையில் மாண்டார். 1918இல் மரினெட்டி தொடங்கிய அரசியற் கட்சி மறு ஆண்டில் முசோலினியின் கூட்டத்தோடு கலந்தது. கல்விக்கழகங்களை அழிக்கச் சொன்னவர் 1929இல் இத்தாலிய அரசுக் கல்விக்கழகத்தின் உறுப்பினரானார். கலைக்கொள்கை ஒன்றை அதன் ஆசிரியர் அரசியலால் மட்டும் அளத்தல் முறையன்று என்பது உண்மையே. ஆயின் மாறாத அளவு எதனையும் ஏலாத விரைவு, எவர் செலுத்தினும் அவர் பின் செல்லும் என்பதை அவர்தம் செய்யுளிலேயே கண்டோம். வாழ்க்கையிலும் அதுவே நிகழ்ந்தது.

இதுகாறும் கூறியதால் தமிழ் மரபே யாண்டும் மேம்பட்டது என்று கொள்ளற்க. எந்திரத்தைப் பாடுபொருளாக்கியதில் நாம் பின்தங்கியவரே. பாரத தேசம் பற்றிய பாட்டில் பாரதியார் ஆயுதமும் காகிதமும் குடையும் ஆணியும் வண்டியும் கப்பலும் செய்வதைப் பாடினார். காசிப் புலவர் உரையைக் காஞ்சியிற் கேட்கும் கருவியையும் விழைந்தார். அங்கே எந்திரம் வேண்டப்படும் பொருள். அதன் ஓசை செய்யுளுக்குள் வரவில்லை. மதுரை தூத்துக்குடி இருப்புப்பாதை 1876இல் திறக்கப்பெற்றது. காவடிச் சிந்து பாடப்பெற்ற காலத்தில் கோவில்பட்டிப் பக்கத்தில் புகைவண்டி ஓடிக்கொண்டிருந்தது; கழுகுமலைக் காவடியோ நடந்தே சென்றது. விருதுநகர் தென்காசிப் பாதை சங்கரன்கோவில் வழியாக 1927இல் வந்தது. புளியங்குடிக்கு அப்பாதை வரவில்லை. அவ்வூரார் சங்கரன்கோவிலிலோ பாம்புக்கோவில் சந்தையிலோ இறங்கிச் செல்லவேண்டும். புகைவண்டியைப் பாடிய சிந்துகள் மலிவுப் பதிப்புகளாகக் குசிலிக் கடைகளிலும் சந்தைகளிலும் விற்கப்பெற்றன. அவற்றை 'முச்சந்தி இலக்கியம்' எனப் பெயரிட்டு ஆராய்ந்தவர் ஆ. இரா. வேங்கடாசலபதி. சமூக வரலாற்றுக்கு அவை அரிய சான்றுகள். யாப்பு நோக்கிற் பெரும்பாலானவை ஏமாற்றம் தருவன. பாட்டின் பொருள் புகைவண்டி. நடையோ பழைய வழிநடைச் சிந்தே. ஊர்ப்பெயர்கள் ஒவ்வொன்றாய்க் கழிகின்றனவேயன்றிச் சக்கரத்தின் ஓசை கேட்கவில்லை. வண்டி நடந்து செல்கின்றது!

1959இல் 'எழுத்து' இதழ் தோன்றிய பின் பரவிய புதுக்கவிதை யாப்பின் தளையைக் களைந்தது. அதனாற் பிற நன்மைகள் விளைந்தன. ஆலையும் நகரமும் கவிதைக்குள் வந்தன. எனினும் வரியை முறித்தலே இயக்கம் எனக் கருதிய பலர் மரினெட்டியின் பிழையை அவரை அறியாமலே மீண்டும் செய்தனர். முறிந்த வரி கண்ணுக்குப் படிக்கட்டாகலாம். செவிக்கு நடையாவதற்கு உள்ளே எண்ணப்படும் காலம் வேண்டும்.

ருசோலோ 1913இல் இரைச்சலின் கலை என்னும் அறிக்கை எழுதி, ஆலையொலிகளை எழுப்பும் கருவிகளையும் செய்தார். எந்திர ஒலியைச் செவிகொடுத்துக் கேட்டு வகைப்படுத்தியவர் அவர். அத்தகைய கேள்வி நம்மிடம் இல்லை. அது நாம் அவரிடம் கற்கவேண்டியது. புளியங்குடி, சங்கரன்கோவில் வட்டாரத்தில் அதற்குக் களம் உண்டு. கைத்தறியும் விசைத்தறியும் அங்கே அருகருகே இயங்கியுள்ளன. கைத்தறியில் காலால் மிதித்து, கையால் நாடாவை வீசி, பலகையால் அடிக்கும் மூன்று செயல்களிடையே நெய்பவனின் மூச்சுக்கு ஒரு வெற்றிடம் உண்டு. இழை அறுந்தால் தாளம் நின்று மீண்டும் எழும். விசைத்தறியில் அடியின் இடைவெளி மிகச் சிறிது. அதனை வகுப்பது மின்விசை. சிந்தின் எந்நடை இவ்வோசையைத் தாங்கும்? நான்மை நடையில் ஈற்று நீட்டத்தை ஒழித்தால் அமையுமா? அல்லது முடுகையே நிலையான நடையாக்கினால், அளவுகோல் இழந்து முடுகு என்பதே இல்லாதொழியுமா?

இவ்வினாக்களுக்கு ஏட்டிலிருந்து விடை கூறுதல் இயலாது. பங்குனி உத்திரத்தை ஒட்டிக் கழுகுமலைக்குக் காவடியோடு நடப்பவர் பாட்டினை ஒலிப்பதிவு செய்து, அடிவைப்பின் காலத்தையும் முடுகில் எழுத்துகள் செறியும் அளவையும் கணக்கிடலாம். தறிக்கூடத்து ஓசையையும் அவ்வாறே பதிந்து இரண்டையும் ஒருங்கு வைத்துக் காணலாம். முதுகலை மாணவர் ஒருவர் ஓராண்டில் முடிக்கத்தக்க பணி இது. அச்சேறிய சிந்து நூல்களின் பாடங்களை மட்டும் நம்பினால் ஓசை நீட்டங்கள் பதிவாகா. அவற்றைப் பாடுவார் வாயிலாகவே அறிதல் வேண்டும்.